பவுடர் பூசிய பிள்ளை

சென்னை டாக்டர் டிவி வழியாகப் பார்ப்பதற்கென்று ராமநாதபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாக ஓர் அறை திறந்திருந்தார்கள். அந்த அறைக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். இன் பண்ணிய சட்டை, எண்ணெய் வடியப் படிய வாரிய தலை. திரை அணைந்திருக்கும்போதெல்லாம் அதில் தன் முகத்தைப் பார்த்துச் சீப்பை எடுத்துவிடுவார். என்னவோ சென்னைக்காரர்கள் இவரைப் பெண் பார்க்க வருவதுபோல!

நானும் தங்கச்சியும் அவள் கைக்குழந்தையோடு சாயல்குடியிலிருந்து போயிருந்தோம். அது இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். சென்னையில் ஈரலில் ஆபரேஷன் ஆகி அப்போதுதான் வந்திருந்தது. உடம்பில் திரும்பவும் மஞ்சள் தட்டினால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"பெரிய டாக்டரு பாக்குறாகள்ல? பிள்ளைய இப்படியா காட்டுறது?" என்று பொறுப்பாளர் சொல்லி, மேசை டிராயரிலிருந்து டப்பாவை எடுத்து, அவரே பிள்ளை முகத்தில் பவுடரை அப்பினார்.

திரையில் டாக்டர் வந்தார்.

"மஞ்சளடிச்ச மாதிரி இருக்குய்யா" என்றாள் தங்கச்சி.

"முகம் நல்லா வெளுப்பாத்தானேம்மா தெரியுது?"

பொறுப்பாளர் பெருமையாக என்னைப் பார்த்தார். கொழுப்பைப் பாருங்கள்!

தங்கச்சி முந்தானையால் பிள்ளையின் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "இப்பப் பாருங்கய்யா."

டாக்டர் திரையை நெருங்கிப் பார்த்தார். "இன்னைக்கே ரயிலேறுங்க."

நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அந்த மனிதர் பின்னாலேயே ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அங்கன நேர்லல்ல பாப்பாக. இதையும் வச்சுக்கங்க" என்று பவுடர் டப்பாவைத் தங்கச்சி கையில் திணித்தார்.

நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிக்கொண்டேன். அந்த மடையனின் கண் கலங்கியிருந்தது.