எந்த வெளிநாடு என்று ஒருவரும் கேட்கவில்லை

முதலில் குளிர்ந்தது இடுப்பு. தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். மத்தியான நேரம். மாரி மழை விட்டு வெயில் எறித்தது. முதுகின் அடியில் ஈரத்துணியை வைத்து அழுத்தியது போல ஒரு குளிர் ஏறியது. சிறிது நேரத்தில் பல்லோடு பல் அடிக்கத் தொடங்கிவிட்டது. கையில் இருந்த சட்டியை நிலத்தில் வைக்க விரல்கள் விரியவில்லை.

என் கணவர் யோகன் வாவியில் வலை இழுத்துவிட்டு வந்து படுத்திருந்தார். இரண்டு போர்வை போர்த்தினார். பாயை எடுத்து மேலே போட்டார். கடைசியில் தானே என்மேல் சாய்ந்து அழுத்திப் பிடித்தார். அப்படியும் கட்டில் ஆடியது. ஒரு மணித்தியாலத்தில் குளிர் போய் உடம்பு கொதித்தது. பிறகு வியர்த்து மெத்தை நனைந்தது. பொழுதுபடுவதற்குள் எழுந்து அதே இறாலைக் கறி வைத்துச் சாப்பிட்டேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது வெளிநாட்டில் இருந்து வந்தவராக இருந்தால், உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அந்தச் சுகத்தை நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

அப்போது நான் மடகஸ்காரில் இருந்து திரும்பிப் பதினொரு நாள். அங்கே கடலோரத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். கட்டுநாயக்கவில் தையல் மிசினில் தொடங்கி, ஒரு வரிசைக்குப் பொறுப்பாகி, அந்த அனுபவத்தில் கிடைத்த வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெளிநாடு போனாள் என்றால் குவைத்து, சவூதி, வீட்டு வேலை என்றுதான் எல்லோருக்கும் விளங்கும். வேறு நாடும் வேறு வேலையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. கேட்காதது குற்றம்.

மூன்றாம் நாள் திரும்பவும் குளிர் வந்தது. யோகன் என்னை ஒரு தனியார் மருந்தகத்துக்கு ஓட்டோவில் கொண்டுபோனார்.

"வெளிநாட்டுல இருந்து வந்து ரெண்டு கிழமதான், டொக்டர்," என்றார்.

வைத்தியர் தலையாட்டினார். "எத்தின வருஷம் இருந்தீங்க?"

"ரெண்டு."

"மெடம் வீட்டில நேரத்துக்குச் சாப்பாடு தந்தாவா?"

"நான் வீட்டு வேலைக்குப் போகல்ல, டொக்டர். காமெண்ட்ஸ்."

அவர் மெல்லச் சிரித்தார். வீட்டு வேலை செய்ததைச் சொல்ல நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "அதுக்கென்ன, எல்லாம் வேலதானே," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவருடைய அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. மாதவிடாய் எப்போது வந்தது, பிள்ளை இல்லாதது ஏன் என்றெல்லாம் கேட்டார். எந்த நாடு என்று கேட்கவில்லை. டெங்குக் காலம், பரசிட்டமோல் போடுங்கள், குறையாவிட்டால் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். அதில், 'மத்திய கிழக்கில் இருந்து திரும்பியவர்' என்று அவராகவே எழுதியிருந்தார்.

ஐந்தாம் நாள் சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனது. கண் மஞ்சளித்தது. அரசாங்க வைத்தியசாலையில் டெங்கு நோயாளர் வாட்டு நிரம்பி, கட்டிலுக்கு இடையிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். என்னை அனுமதித்த இளம் பெண் வைத்தியருக்கு நிற்க நேரமில்லை. துண்டில் இருந்ததை அப்படியே கட்டில் அட்டையில் எழுதினார். ஒருவர் ஊகித்து எழுதியது இரண்டாவது கடதாசிக்கு வரும்போது உண்மையாகிவிட்டது.

அதற்குப் பின் நடந்தவற்றை யோகன் சொல்லித்தான் அறிவேன். நான் அவரைக் கையால் தள்ளி, "மிசின நிப்பாட்டு" என்று கத்தினேனாம். பிறகு அவரை அடையாளம் தெரியவில்லையாம்.

என் குருதிச் சிறுதட்டுகள் (காயம்பட்டால் குருதியை உறையவைக்கும் மிகச் சிறிய துணிக்கைகள்) மிகவும் குறைந்திருந்தன. இயந்திரம் சொன்ன கணக்கில் சந்தேகப்பட்டு, ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவர் என் குருதியைக் கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் தானே பார்த்திருக்கிறார். சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாகக் கிடந்தன. சண்டைக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் மலேரியா இருந்தபோது அவர் அவற்றைப் பார்த்துப் பழகியவர். தொலைபேசியில் சொல்லாமல் வாட்டுக்கே ஓடிவந்தாராம்.

"இந்தப் பிள்ளை எந்த நாட்டுல இருந்தவ?"

"மடகஸ்கார்," என்றார் யோகன்.

"அது எங்க கிடக்கு?"

"ஆபிரிக்காப் பக்கம்."

இளம் வைத்தியர் அட்டையைப் பார்த்தார், யோகனைப் பார்த்தார். "ஏன் இத முதல்லயே சொல்லல்ல?"

யோகன் யாரோடும் குரல் உயர்த்தாதவர். அப்போதும் உயர்த்தவில்லையாம். "நீங்க ஒருத்தரும் கேக்கல்லயே, டொக்டர்."

எனக்கு இருந்தது ஃபல்சிபாரம் மலேரியா (மலேரியாக் கிருமிகளில் உயிரை எடுக்கக்கூடிய வகை). அது மூளை வரை போயிருந்தது. கிருமி புகுந்த அணுக்கள் மூளையின் நுண்குழாய்களை அடைப்பதால் நினைவு தவறுகிறது. ஆர்ட்டெசுனேட் என்ற ஊசிமருந்து மலேரியாத் தடுப்புப் பிரிவில் இருந்து வாகனத்தில் வந்தது. ஊசி முடிய மூன்று நாள் குளிசை (மாத்திரை). இங்குள்ள நுளம்பு என்னைக் கடித்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்க வேறொரு குளிசை.

கண் விழித்தபோது மேலே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை. "ஒள்ளுப்பம் தண்ணி," என்று கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். என் குரலே எனக்குத் தூரத்தில் இருந்து வந்தது.

காது ஓரளவு கேட்கத் தொடங்கிய பிறகு இளம் வைத்தியர் கட்டிலருகே வந்து நின்றார். "அரை நாள் பிந்தியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, "மலேரியாவ நான் புத்தகத்தில மட்டுந்தான் கண்டிருக்கன், அக்கா. என்னில கோவிக்காதீங்க," என்றார்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. இந்த நாடு மலேரியாவை ஒழித்துவிட்டது என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். பெருமைப்படவேண்டியதுதான். ஆனால் நாங்கள் உழைக்கப் போகும் நாடுகள் அதை ஒழிக்கவில்லை. எங்களை அங்கே அனுப்பத் தெரிந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

தெரிந்திருந்தது என்பதுதான் என்னை எரித்தது. அப்படியான நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று, என்னைப் பார்க்க வந்த மலேரியாத் தடுப்பு உத்தியோகத்தர் சொன்னார். போவதற்கு முன்னரே போய்க் கேட்டு வாங்கவேண்டும். "உங்கட ஏஜென்சி சொல்லல்லயா?" என்றார். ஏஜென்சியில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "அங்க எல்லாம் ஏசி, தங்கச்சி. நுளம்பே இல்ல."

நுளம்பு இருந்தது. விடுதி யன்னல் வலை கிழிந்திருந்தது. எங்கள் வரிசையில் தைத்த அந்த ஊர்ப் பெண்கள் 'தாஸோமொக்கா' என்று சொல்லி இரண்டு நாள் வராமல் நிற்பார்கள். அவர்கள் பாஷையில் அதன் பொருள் நுளம்புக் காய்ச்சல். நான் அவர்களுக்கு வரவு வெட்டினேன். வந்த நாளில், "எல்லாருக்கும் ஒரே காய்ச்சலா?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். கட்டிலில் கிடந்து மற்றவர்களைக் குற்றம் சொல்லும்போது அந்த முகங்களும் வந்தன. அவர்களிடம் நானும் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை.

என்னோடு ஒரே விமானத்தில் யார் வந்தார்கள் என்று உத்தியோகத்தர் கேட்டார். வந்தது ஒருத்திதான்: காத்தான்குடி பஸ்மியா. பக்கத்து வரிசை மேற்பார்வையாளர், விடுதியில் எனக்கு மேல்கட்டில். பெயரைச் சொல்லமுன் அவளோடு பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"எனக்கென்ன அக்கா? நான் நல்லா இரிக்கன்," என்றாள் தொலைபேசியில். பல் அடிக்கும் சத்தம் இடையில் கேட்டது.

"பல்லு ஏன் அடிக்குது, புள்ள?"

"மழையில நனைஞ்சிட்டன்."

வாட்டு யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். காத்தான்குடி சில மைல் தள்ளித்தான்; அங்கே மட்டும் மழையா? "உண்மையச் சொல்லு."

அவள் அழத் தொடங்கினாள். "அல்லாக்காக கேக்கன், என்ட பேரச் சொல்லிராதீங்க. அடுத்த மாசம் திரும்பப் போற. ரெண்டாம் கொந்தராத்து. மலேரியா எண்டு கேள்விப்பட்டா எடுக்கமாட்டம் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லிட்டான். காய்ச்சல் எண்டா வீட்டிலயே படுத்துக் குளிசயப் போடட்டாம், ஆசுபத்திரிக்குப் போகவேணாமாம்."

நோய் வராமல் தடுக்க ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், வந்த நோயை மறைக்க மட்டும் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பெயரைச் சொல்லவா என்று யோகனிடம் கேட்டேன். "அந்தப் புள்ளைட வயித்தில அடிக்கிற வேல," என்றார். "ஆனா சுகி, நீ கிடந்த கிடைய நான் பாத்தவன்."

உத்தியோகத்தர் திரும்பி வந்ததும் பஸ்மியாவின் முகவரியைச் சொன்னேன்.

மலேரியாத் தடுப்புப் பிரிவினர் போனபோது அவள் கதவைத் திறக்கவில்லையாம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவளுடைய உம்மாதான் திறந்திருக்கிறார். விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியிலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கு மூளைக்குப் போகவில்லை; குளிசையோடு தப்பினாள். ஏஜென்சி கொந்தராத்தை, அந்த வேலை ஒப்பந்தத்தை, இரத்துச் செய்தது. "நீங்க எனக்கு அக்காவா இரிக்கல்ல," என்று ஒரு குரல்பதிவு அனுப்பினாள். அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை.

நான் வீடு வந்தபோது வேறொரு தண்டனை காத்திருந்தது. தடுப்புப் பிரிவினர் என் வீட்டைச் சுற்றி நுளம்பு பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், அயலாருக்குக் குருதி எடுத்திருக்கிறார்கள். நல்ல வேலை, செய்யவேண்டிய வேலை. ஆனால் ஏன் என்று யாருக்கும் விளக்கமாகச் சொல்லவில்லை போலும். வெளிநாட்டில் இருந்து வந்த பெண், குருதிப் பரிசோதனை என்றவுடன் ஊர் தானே, பெயர் சொல்லக் கூசும் ஒரு நோயைத் தெரிவு செய்துகொண்டது. "இவள் என்னத்தக் கொண்டுவந்திருக்காளோ" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான் வேலியடிக்குப் போய், "மலேரியா! நுளம்பால வாற மலேரியா!" என்று இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன். பிறகு அங்கேயே குந்திவிட்டேன்.

என் கோப்பில் இந்த நோய்க்கு ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது: இறக்குமதி மலேரியா. மருத்துவத்தில் அது சரியான சொல்லாக இருக்கலாம். ஆனால் எங்கள் உழைப்பு வரும்போது எங்களைப் புகழுகிறவர்கள், எங்கள் உடம்பு நோயோடு வரும்போது அதைச் சுங்கத்தில் பிடிபட்ட பெட்டி போலப் பேசுகிறார்கள்.

குணமான பிறகும் குறித்த நாட்களில் போய்க் குருதி கொடுக்கவேண்டும். கிருமி முற்றாகப் போய்விட்டதா என்று பார்ப்பார்கள். தவறவிடாதீர்கள். இருபத்தெட்டாம் நாள் போனபோது, காத்திருப்போர் வாங்கில் பஸ்மியா இருந்தாள். மெலிந்திருந்தாள். எனக்குத் தலைமயிர் கொட்டிப்போயிருந்தது. நான் மறு நுனியில் இருந்தேன்.

"உங்களோட பேசப்படாது எண்டுதான் இருந்தன்," என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"பேசாத."

"கோவம் இன்னும் இரிக்கி, அக்கா. ஆனா கோவப்பட நான் உசிரோட இரிக்கனே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழம ஏஜென்சில புதுசா ஏழு பேரக் கூப்பிட்டிரிக்கான். மடகஸ்காருக்குத்தான். ஜும்மாத் தொழுகைக்குப் பொறகு. வாறீங்களா?"

"வாறன்."

வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்குப் போனோம்; உள்ளே விடவில்லை. "தொழில கெடுக்க வந்தீங்களா?" என்று அந்த மனிதர் படியில் நின்று கத்தினார். நாங்கள் படலைக்கு வெளியே வீதியில் நின்றோம். பெண்கள் வெளியே வந்தபோது பஸ்மியா தன் கொந்தராத்துக் கடதாசியைக் காட்டினாள், நான் என் நோய்க் கோப்பைக் காட்டினேன். போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குளிசை எங்கே கிடைக்கும், எத்தனை நாள் முன்னதாகக் கேட்கவேண்டும், திரும்பி வந்து காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக நாட்டின் பெயரைச் சொல்லவேண்டும் என்று சொன்னோம். இரண்டு பேர் நிற்காமல் போய்விட்டார்கள். ஒருத்தி சிரித்தாள். மண்டூரில் இருந்து வந்த ஒரு பெண் மட்டும் பேனையைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மற்ற மூவரும் அவளுடைய கையைப் பார்த்து எழுதினார்கள்.

என் காதில் இன்னும் ஒரு இரைச்சல் இருக்கிறது. படியேறினால் கால் நடுங்குகிறது. தொழிற்சாலையில் நேரம் என்றால் எனக்கு மணிக்கு எத்தனை உருப்படி என்பதுதான். காய்ச்சல் அந்த மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தந்திருக்கிறது: ஒரு நாள் நல்ல நாள், மற்ற நாள் என்னவென்று தெரியாத நாள். கிருமி போய்விட்டது என்று கடதாசி சொல்கிறது. உடம்பு இன்னும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தக் குளிரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அதோடு நான் சண்டை பிடிப்பதில்லை. சொல்லவேண்டியதையும் செய்யவேண்டியதையும் நல்ல நாளிலேயே முடித்துவிடுகிறேன்.