இரஞ்சிதத்தின் சப்பாத்து

முரசுமோட்டை இரஞ்சிதம் நடைக்குப் பேர்போனவள். சண்டைக் காலத்தில் தலையில் மூட்டையும் கையில் மகளுமாக முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்தவள். அத்தனை ஷெல்லுக்கும் தப்பி, இரண்டு காலோடும் ஊர் திரும்பியவள். அந்தக் கால்களில் ஒன்று பிறகு ஏன் போனது என்று கேட்டால் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் எல்லாருடைய பெயரும் வெளியே வரும்.

ஐம்பத்தேழு வயதில் அவளுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் நட, இல்லாவிட்டால் காலுக்கு வினை என்றார் டொக்டர். இரஞ்சிதத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளுடைய சின்னம்மாவுக்கு முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று வெட்டி வெட்டியே உயிர் போனது. புண் கழுவிவிட்டவள் இரஞ்சிதம். என்ன வந்தாலும் தன் காலை விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பயந்தவள் அளவோடா நடப்பாள்? அடுத்த நாள் விடியவே தேய்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு கிரவல் றோட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தாள். ஐந்தாம் நாள் கணைக்கால் எலும்போரம் தீயாய் எரிந்தது. கணுக்கால் பணிஸ் மாதிரி வீங்கியது. நொண்டிக்கொண்டு திரும்பவும் கிளினிக்குக்குப் போனாள். அங்கே பிசியோ பார்க்கிற தாட்சாயினி அவளுடைய செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதோடையோ அம்மா நடந்தனீங்கள்? முதல் கிழமை பத்து நிமிசம் போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. நொந்தால் உடனை நிண்டிடோணும். வீட்டை வந்து ஐஸ் வைச்சு, காலைத் தலையணையிலை உயத்தி வையுங்கோ. குதி மெத்தெண்ட நல்ல சப்பாத்து ஒண்டு கட்டாயம் வேணும். சீனிக்காரர் செருப்போடை திரியக்கூடாது."

சுவிஸில் இருக்கிற மகள் கிருசாந்தி, ஊருக்கு வந்த ஒருவரிடம் சப்பாத்துக் கொடுத்துவிட்டாள். ஊத்தை தெரியாமல் இருக்கட்டும் என்று கறுப்பில் வாங்கியிருந்தாள். இரஞ்சிதம் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம், பிறகு கால்மணி, பிறகு அரைமணி என்று நடந்தாள். மூன்று கிழமையில் நோ இருந்த இடம் தெரியவில்லை.

ஆனால் கிரவலில் கறுப்புச் சப்பாத்து 'சறுக் சறுக்' என்று கேட்கும். சண்டை தின்ற ஊரில் விடியற்காலையில் அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான்: ஆமி. அகதி முகாமில் தன் மகனை அவர்கள் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கும் நாலாவது வீட்டுச் சிவனேஸ்வரி முதலில் கேட்டது அதைத்தான். ஒருநாள் விடிய, முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். இரஞ்சிதம் பதறிப்போய்க் கதவடியில் நின்று கூப்பிட்டாள்.

"நான்தானப்பா, இரஞ்சிதம்!"

"நீங்களோ அக்கா? நெஞ்சு அடைச்சுப் போச்சு. இனி வாய்க்கால் கட்டாலை போங்கோ, உங்களுக்குப் புண்ணியம்."

"ஓம், இனி இதாலை வரமாட்டன்."

இரண்டு பெண்களுக்குள்ளே விசயம் அதோடு முடிந்தது. அதை முடியவிடாதவர் இரஞ்சிதத்தின் புருசன் தில்லைநாதன். கெட்ட மனுசன் இல்லை. குடியில்லை, கைநீட்டில்லை. ஒரு பகிடி கிடைத்தால் மட்டும் மென்று சக்கையாகும்வரை துப்பமாட்டார். நடந்ததை அவள் வாயாலேயே கேட்டவர், அடுத்த நாள் அவள் சப்பாத்துப் போட்டு எழும்பியதும் சோதனைச் சாவடியில் ஆமிக்கு முன்னால் நிற்பவர் மாதிரிப் படலையடியில் விறைத்து நின்று ஒரு சலூட் அடித்தார்.

"மாத்தையா, ஐசி காட்டோணுமோ?"

சந்திக் கடையிலும் இதைச் சொன்னார். இரண்டு நாளில் ஊர் முழுக்க அவள் 'ஆமிக்காறி'. பால்காரன் சைக்கிளில் இருந்தே சலூட் அடித்தான். கோயிலடியில் வயதுபோனவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சிவனேஸ்வரியின் பயத்தில் குற்றமில்லை. அந்தப் பயத்தைப் பகிடியாக்கி இரஞ்சிதத்தின் தலையில் கட்டியதுதான் அநியாயம். ஷெல்லுக்குத் தாக்குப்பிடித்த மனுசி சிரிப்புக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு கிழமையில் சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்தாள்.

மூலையிலும் அது இருக்கவில்லை. வயலில் மயில் தொல்லை என்று தில்லைநாதன் வைக்கோலில் ஆள் மாதிரி வெருளி ஒன்று செய்து நட்டிருந்தார். அதன் காலில் அந்தச் சப்பாத்தைக் கட்டிவிட்டார். றோட்டால் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். தேத்தண்ணி கொண்டு போன இரஞ்சிதமும் பார்த்தாள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் பகிடி இன்னும் கூடும் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பவும் செருப்பு, திரும்பவும் நோ. நோ எண்ணெய் பூசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். நடக்காவிட்டால் கால் போய்விடுமே. மாதங்கள் போக எரிவு குறைந்தது, வீக்கத்தில் அழுத்தினாலும் வலியில்லை. ஒருநாள் எழும்பிப் பார்த்தால் பாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"நோ போட்டுது!" என்று கண்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். போனது நோ இல்லை, உணர்ச்சி. கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊசி முனையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்கள். சுகமானவள் ஏன் கிளினிக்குக்குப் போகவேண்டும்? அவள் போகவில்லை.

வாய்க்கால் கட்டில் ஒரு இலந்தை முள் செருப்பைத் துளைத்து இடது குதிக்குள் ஏறியது. அதோடு நாலு நாள் நடந்தாள், தன் காலைக் காப்பாற்றுவதற்காக. ஐந்தாம் நாள் தில்லைநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினார்.

"என்னப்பா நாத்தம், எலி ஏதும் செத்துக்கிடக்கோ?"

எலியில்லை, அவளுடைய குதி. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறியபின் செயற்கைக்கால் செய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார் தில்லைநாதன். கால் செய்கிற கனகலிங்கத்துக்கும் ஒரு கால் பொய்க்கால்தான்.

"மிதிவெடியோ அக்கா?" என்று கேட்டான்.

"பழைய ஷெல் காயம், தம்பி" என்று தில்லைநாதன் முந்திக்கொண்டார்.

"பொய். இலந்தை முள்ளு" என்றாள் இரஞ்சிதம்.

கனகலிங்கம் அளவெடுத்து முடித்தான். பிறகு தில்லைநாதனைப் பார்த்தான்.

"அண்ணை, அடுத்தமுறை வரேக்கை அக்காவின்ரை சப்பாத்தைக் கொண்டு வாங்கோ. அதின்ரை குதி உயரத்துக்கு அளவாத்தான் காலை நிமித்தி வைக்கிறது. செருப்புச் சரிவராது. சப்பாத்து இருக்குத்தானே?"

இந்தமுறை முந்திக்கொண்டவள் அவள்.

"இருக்குத் தம்பி, எங்கடை வயலிலை வெருளி போட்டுக்கொண்டு நிக்குது" என்றாள் இரஞ்சிதம். பிறகு புருசனின் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் போய்க் கழட்டிக்கொண்டு வாங்கோ. கழட்ட முந்தி ஒருக்கா விறைச்சு நிண்டு சலூட் அடியுங்கோ."

கனகலிங்கம் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.