ஓசி டீச்சர்

தங்கமணி டீச்சருக்கு மலையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஓசி டீச்சர். வைத்தது பிள்ளைகள் இல்லை, தலைமையாசிரியர் வெங்கடேசன். கரியாலூரைத் தாண்டி, பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் நடந்து ஏற வேண்டிய அந்த நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் என்று இருப்பது அவர்கள் இருவர்தான். அதிலும் அவர் கூட்டம், பயிற்சி, கையெழுத்து என்று பாதி நாள் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவிடுவார். மிச்சம் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் அத்தனையும் தங்கமணியின் தலையில். ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கிறது, இல்லாமல் இல்லை. அதில் சத்துணவு அரிசி மூட்டையை அடுக்கியிருக்கிறார்கள். அவள் என்னதான் செய்வாள்? எந்தப் பாடத்துக்கு எது எங்கே இனாமாகக் கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தாள்.

மலையில் சிக்னல் கிடையாது. சனிக்கிழமை திருநாவலூருக்கு, வீட்டுக்குப் போகும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற வேண்டும். அங்கே லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் வைஃபை உண்டு. ஒரு டீயைச் சொல்லிவிட்டு, அது ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கான பாடங்களைப் போனில் இறக்கிக்கொள்வாள். "டீச்சர், இன்னைக்கு எந்த கிளாசு?" என்று கல்லாவில் இருப்பவர் கிண்டலாகக் கேட்பார். இறங்குவதில் பாதி குப்பை. பின்னக் கணக்குக்கு ஒருத்தன் பீட்சாவை வெட்டிக் காட்டினான். பீட்சாவை அவளே கண்ணால் பார்த்ததில்லை. கேழ்வரகு அடையைத் தட்டிக்கொண்டு போய் வெட்டிக் காட்டினாள். அரை, கால், அரைக்கால் எல்லாம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிற்று, மறக்கவே இல்லை.

நன்றாக வந்த பாடங்களை வீடியோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போடுவாள். அவளுடைய அப்பா குத்தகைக்கு உழுதவர். பள்ளிக்கூடம் முடிகிறவரை அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று புத்தகம் வாங்கிப் படித்தவள் அவள். கிடைத்ததைப் பூட்டி வைப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அந்த வருடம் அவள் கண்ணுக்குள் வைத்துக் காத்த பிள்ளை தேவதர்ஷினி. அறிவு என்றால் அப்படி ஓர் அறிவு. ஆனால் மிளகு பறிக்கும் காலம் வந்தால் கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் ஜீப் வரும், அப்பா அம்மாவோடு அவளும் கேரளாவுக்கு ஏறிவிடுவாள். திரும்பி வரும்போது பாதிப் பாடம் போயிருக்கும். அப்பா அம்மாசி முன்பு காட்டுக்குள் சாராயம் காய்ச்சியவர். கீழே விஷச்சாராயத்தில் ஜனங்கள் செத்து, மலையில் கெடுபிடி வந்தபிறகு விட்டுவிட்டு, மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். தங்கமணி அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தாள்.

"எட்டாவது முடியட்டும் அண்ணே. அப்பறம் நானே கீழ ஆஸ்டல்ல சேத்துவுடறேன். இந்த வருசம் மட்டும் கூட்டிக்கினு போவாதீங்க."

அம்மாசி கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "நான் இங்கயே கூலிக்குப் போயிக்கினு பாத்துக்கறேன் டீச்சர். என் உசுரு இருக்கிறவரைக்கும் அது பள்ளிக்கூடம் வரும்" என்றார். அவர் மலையில் இருந்தால் பிள்ளை பள்ளியில் இருக்கும். அவ்வளவுதான் கணக்கு. அது தங்கமணிக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம்தான் கலவைகளைப் பிரிக்கும் பாடம் வந்தது. காய்ச்சி வடித்தலுக்குக் கண்ணாடிக் குடுவை, கண்ணாடிக் குழாய் எல்லாம் வேண்டும் என்றது போனில் இறங்கிய வீடியோ. வழக்கம்போல, "வூட்ல இருக்கிறத எடுத்துக்கினு வாங்க, பானை, குழாய் எதுவானாலும்" என்றாள் தங்கமணி. மறுநாள் தேவதர்ஷினி கோணிப்பையில் ஒரு செம்புக் குழாயைச் சுருட்டிக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் தங்கமணிக்குச் சுருக்கென்றது. அது எதற்கான குழாய் என்று தெரியாமல் இருக்க அவள் என்ன பச்சைக் குழந்தையா? ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபிறகு, திருப்பி எடுத்துப்போ என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்று கல் கூட்டி, பானையில் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். மூடியின் இடுக்கில் எந்த மண்ணைப் பூச வேண்டும், குழாயை எங்கே சாய்க்க வேண்டும் என்று தேவதர்ஷினியே சொன்னாள். "குழாய் மேல ஊத்தற தண்ணி ஜில்லுனு இருக்கணும் டீச்சர். சூடு ஏறிச்சினா மாத்திக்கினே இருக்கணும். எங்கப்பா அப்பிடித்தான் மாத்திக்கினே இருப்பாரு." சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரைப் பிள்ளைகள் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பே இல்லை என்று குதித்தார்கள். தங்கமணி ஆசிரியையாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வகுப்பு அமைந்ததே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகளின் முகத்தை வீடியோவில் காட்டக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கைகளை மட்டும்தான் எடுத்திருந்தாள். சனிக்கிழமை உளுந்தூர்பேட்டை ஓட்டலில் உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்த்தாள். "எங்கப்பா" என்கிற இடத்தில் விரல் நின்றது. அதை வெட்டினால் அந்த அழகே போய்விடும் என்று தோன்றியது. ஆசிரியர்கள்தானே பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து அனுப்பிவிட்டாள். பின்சுவரில் நீல பெயின்டில் ஊர்ப் பெயரோடு பள்ளியின் பெயர் பளிச்சென்று இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. தினமும் பார்க்கிற சுவரை யார் படிக்கிறார்கள்?

குழுவில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து யார் யாருக்கோ என்று வீடியோ போனது. "ஓசி டீச்சர் பேமஸ் ஆயிட்டாங்க" என்று வெங்கடேசன்கூட வாய்விட்டுச் சொன்னார்.

அடுத்த வாரமே மலைக்குப் போலீஸ் வந்தது. ஒருவர் கையிலிருந்த போனில் அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் பள்ளிக்கு வந்து, பாடம் முடிந்து குழாயை வைத்திருந்த பீரோவைத் திறக்கச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டார்கள்.

"சார், அது பாடத்துக்கு வச்சிருக்கறது. அந்தப் பொண்ணோட அப்பா இப்ப காய்ச்சறது இல்ல சார். மரவள்ளிக் காட்டுல கூலி வேல செய்யறாரு."

"பாடந்தாம்மா. நல்லாத்தான் நடத்தியிருக்கீங்க" என்றார் அவர்.

அம்மாசியைக் காட்டிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் மண் ஒட்டியிருந்தது, கழுவிக்கொள்ளக்கூட விடவில்லை என்று ஊரில் சொன்னார்கள். பழைய கேஸ் ஒன்றையும் தூசி தட்டி எடுத்தார்களாம். ஜாமீன் எடுக்க ஆளில்லை, அவர் ஜெயிலில்தான் இருந்தார்.

தங்கமணி அந்த வீட்டுக்குப் போனபோது அம்மாசியின் மனைவி செல்லியம்மாள் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சருங்களுக்கு மட்டுந்தாங்க அனுப்பினேன்" என்றாள் தங்கமணி. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"அந்தாளு காச்சுன காலத்துல ஒருத்தனும் வந்து புடிக்கல டீச்சர். வுட்ட பொறவு வந்து இட்டுக்கினு போறான். நீங்க சொன்னதுக்குத்தான கேரளாவுக்குப் போவாம இங்கயே கூலிக்கு நின்னாரு?" செல்லியம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு மேஸ்திரி ஜீப்பு வருது. ஒருத்தி கூலியில வவுறு ரொம்பாது. இதுவும்தான் வரணும்."

"புள்ளைய நான் வச்சிக்கறேன். என் ரூம்லயே இருக்கட்டும்."

"போதும் டீச்சர். இதுவரைக்கும் வச்சிக்கினது போதும்."

தங்கமணி திரும்பியபோது தேவதர்ஷினி வாசல்வரை வந்தாள். அழவில்லை. "அன்னைக்கு நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லடா. நீ எல்லாமே சரியாத்தான் சொன்ன" என்றாள் தங்கமணி. ரூமுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பதிலை நினைத்து நினைத்து அழுதாள். மறுநாள் ஜீப் போகும் சத்தம் வகுப்புக்குள் கேட்டது, எந்தப் பிள்ளையும் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கு யாரும் எதையும் கொண்டுவருவதில்லை. விதை கொண்டுவாங்க என்றாலும், கல் கொண்டுவாங்க என்றாலும் ஒரே பதில்தான்: "எங்க வூட்ல ஒண்ணும் இல்ல டீச்சர்." அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற பாடத்தில் வகுப்பே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வீடியோவை அவள் அந்த வாரம் கீழே இறங்கியதுமே அழித்துவிட்டாள்தான். அவள் போனில் அது இல்லை, அட்மினிடம் சொல்லி எடுக்க வைத்ததால் குழுவிலும் இல்லை. ஓட்டலில் டீ குடிப்பதையும் விட்டுவிட்டாள்.

தை முடிந்து கள்ளக்குறிச்சியில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். செலவில்லாத கற்பித்தல் பொருட்கள் என்று தலைப்பு. பயிற்சியாளர் ஓர் இளைஞர், உற்சாகமான ஆள். "இப்ப ஒரு அருமையான வீடியோ பாக்கப் போறோம். யார் செஞ்சதுன்னு தெரியல" என்று திரையில் போட்டார். சுவரில் இருந்த பெயரை யாரோ வெட்டியிருந்தார்கள். பிள்ளைகளின் கைகள் மட்டும் தெரிந்தன. "எங்கப்பா அப்பிடித்தான் மாத்திக்கினே இருப்பாரு" என்றது தேவதர்ஷினியின் குரல். மண்டபமே சிரித்தது, சிலர் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த வெங்கடேசன் குனிந்துகொண்டார்.

தங்கமணி எழுந்து நின்றாள். "அத நிறுத்துங்க சார்."

"ஏம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"அந்தப் பொண்ணு இப்ப பள்ளிக்கூடத்துலயே இல்ல சார்."

"அடடா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடுதான். "பரவால்லம்மா, வீடியோ நம்மகிட்ட இருக்கு."

பின்வரிசையிலிருந்து யாரோ, "சார், எங்களுக்கும் அனுப்பிவுடுங்க" என்றார்கள். அவர் குனிந்து, பயிற்சிக்கென்று ஆரம்பித்திருந்த வாட்ஸப் குழுவில் அதைப் போட்டார். மண்டபத்தில் ஒவ்வொரு போனாகச் சத்தம் எழுப்பியது. தங்கமணியின் கைப்பைக்குள்ளிருந்தும் அந்தச் சத்தம் வந்தது.