ராட்டினத்தின் உச்சியில் அம்மா

கடற்கரைச் சாலையில் இருந்த அந்த விளையாட்டுப் பூங்கா இப்போது இல்லை. சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டுக் கட்டிய நுழைவாயில் மட்டும், தும்பிக்கை உடைந்த சிமென்ட் யானைகளோடு நிற்கிறது. என் சிறுவயதில் காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடங்கள் சுற்றுலா போனால் அங்கேதான் போகும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களும் அங்கேதான் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிறகு அதே சாலையில் பெரிய பூங்காக்கள் வந்தன. உப்புக் காற்று இங்கே இரும்பை அரித்தது. கடல் பின்பக்க மதிலைக் கொண்டுபோனது. ஒருநாள் சத்தமில்லாமல் பூட்டிவிட்டார்கள். ராட்டினத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்களாம்.

எங்கள் குடும்பம் போனது அதன் நல்ல காலத்தில். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். அம்மா மூத்த மருமகள். சித்தப்பா வேன் பிடித்திருந்தார். விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிவிட்டு, வேனில் கடைசியாக ஏறியவள் அம்மாதான்.

பூங்காவிலும் அவளுக்கு வேலை குறையவில்லை. மரத்தடியில் பாயை விரித்து எங்கள் செருப்புகளுக்கும், பைகளுக்கும், சித்தியின் கைக்குழந்தைக்கும் காவல் இருந்தாள். மற்றவர்கள் ராட்டினத்தில் சுற்றி இறங்கியபின் என் முறை வந்தது. ஆடுகிற தொட்டியைக் கிட்டத்தில் பார்த்ததும் ஏறமாட்டேன் என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவுக்குக் கோபம்.

“டிக்கெட் வீணாப் போவுது. நீயாச்சும் ஏறேன்,” என்றார் அம்மாவிடம்.

அம்மா குழந்தையைச் சித்தியிடம் கொடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏறி உட்கார்ந்தாள். அந்தத் தொட்டியில் அவள் மட்டும்தான்.

மூன்றாவது சுற்றில் கரண்ட் போய்விட்டது. அம்மாவின் தொட்டி உச்சியில் நின்றது. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் கிளம்பவில்லை. அப்பா ராட்டினம் ஓட்டுகிறவரிடம் சண்டைக்குப் போனார்.

“எம் பொஞ்சாதி மேல மாட்டிக்கினு இருக்குது. நீ இன்னாத்தப்பா தேடிக்கினு இருக்க?”

அந்த ஆள் கிரீஸ் படிந்த கையோடு எஞ்சினைச் சுற்றிச்சுற்றி வந்தார். பாவம், அவர் சட்டை முழுக்க வேர்வை. சித்தி காமாட்சியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். என்னால்தானே அம்மா ஏறினாள். தொண்டை கட்டும்வரை “அம்மா, அம்மா” என்று கத்தினேன். அவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். முந்தானை அவிழ்ந்து காற்றில் பறந்தது. அவள் அதை இழுத்துச் செருகவில்லை. ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை.

அரைமணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. தொட்டி கீழே வந்ததும் அப்பா கை நீட்டினார். அம்மா இறங்கவில்லை. ராட்டினம் ஓட்டுகிறவரைப் பார்த்து, “இன்னொரு சுத்து விடுவியாப்பா?” என்று கேட்டாள்.

சித்தப்பா சிரித்துவிட்டார். “பயத்துல அண்ணிக்கு இன்னா பேசறோம்னே தெரியல.”

அந்த ஆள் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அந்த ஆள் டிக்கெட் கேட்காமல் தொட்டியின் கதவுக் கொக்கியை மறுபடி மாட்டினார்.

திரும்பும்போது வேனில் நான் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. அவளே எழுந்து என்னிடம் வந்தாள்.

“இன்னாமா, பயந்துட்டியா?”

“நான் அவ்ளோ கத்தனேன். நீ ஏன் கீழ பாக்கவே இல்ல?”

“எனுக்குக் கேக்கலமா,” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “அங்க ஒண்ணுமே கேக்கல.”

நான் நம்பவில்லை. அவ்வளவு கத்தியது எப்படிக் கேட்காமல் போகும்? என்மேல் அம்மாவுக்குப் பிரியம் இல்லை என்று முடிவுகட்டி, ஊர் வரும்வரை சித்தி தோளில் சாய்ந்துகொண்டேன். கேட்கவில்லை என்று அவள் சொன்னபோது அவள் குரலில் எந்த வருத்தமும் இருக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.