ஒன்றரை கிலோ கூடுதல்

நான் எடை மேடையில் வேலை பார்ப்பவள். திருவொற்றியூரைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும் சாலையில் ஒரு சரக்கு முனையம். அதன் வாசலில் கண்ணாடி வைத்த சின்ன அறை எனக்கு. லாரி மேடையில் ஏறும், திரையில் எண் ஓடி நிற்கும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். பதினாறு வருடம் இதைச் செய்ததில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்கும் குணம் வந்துவிட்டது. காலி லாரியை எடை போடும்போது மட்டும் கேபினுக்குள் நாலு பேர் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? பின் சக்கரம் மேடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஏன் நிற்கிறது? இரண்டுமே எடையில் ஏமாற்றும் வேலை. வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என் கணவர் சொல்வார். காய்கறிக் கடையில் நான் தராசைப் பார்க்கும் பார்வையைக் கண்டால் அவர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

என்னை மலைக்கு இழுத்துப் போனவள் என் சிநேகிதி. காத்திவாக்கத்துக்காரி. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள்.

"இன்னாமே, நாள் பூரா பொட்டிக்குள்ள குந்திகினு கீற. காத்துல உப்பும் சாம்பலும் போதும்னு ஆயிடுச்சி எனக்கு. மல ஏறலாம், வர்றியா?" என்றாள் ஒருநாள்.

ஆந்திர எல்லையில் ஒரு மலை. நம்ம ரயிலிலேயே வடக்கே போய் இறங்கி, அடிவாரத்து ஊரில் ஒரு வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஓடைக்கரையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம். முதல் தடவை நான் டிபன் கேரியரில் தயிர்சாதம், பன்னிரண்டு இட்லி, ஒரு பாட்டில் சட்னி, நாலு லிட்டர் தண்ணீர் எல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். பாதி மலையில் தோள் பிய்ந்தது. சாயங்காலம் திறந்தபோது தயிர்சாதம் புளித்து நுரைத்திருந்தது. சட்னி பையெல்லாம் கொட்டியிருந்தது. அவ்வளவு தூரம் சுமந்ததைப் பாறைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஈரமாக எதையும் கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் மலையிலேயே இருக்கிறது என்பது என் முதல் முடிவு. அவலும், வறுத்து உப்பு, மிளகாய், பெருங்காயம் சேர்த்த ரவையும் உள்ளே வந்தன. கஞ்சிக்குச் சத்துமாவும் வெல்லப்பொடியும் பால்பவுடரும். நடக்கும்போது வாயில் போட்டுக்கொள்ளக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். குழம்புக்குப் பதிலாக சென்னாக்குன்னிப் பொடி. பொடி எறாவைக் காயவைத்து, வறுத்து, மிளகாயோடு இடித்தது. ஒரு கரண்டி போட்டால் வெறும் உப்புமா விருந்தாகிவிடும். பொடி மட்டும் சிநேகிதியின் கை. மற்றதெல்லாம் என் சமையல்மேடைத் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் பைக்குள் போகும்.

கடைப் பாக்கெட்டுகளை நான் நம்பியதில்லை. வெந்நீர் ஊற்றினால் இரண்டு பேர் சாப்பிடலாம் என்று போட்டிருந்த ஒரு பாக்கெட்டை வாங்கி வீட்டில் செய்து பார்த்தேன். என் ஒருத்திக்கே போதவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்கென்று எடுத்து வைத்ததை மட்டும் தின்றுவிட்டு, முதுகில் பையோடு திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை நடந்து திரும்பினேன். மயக்கம் வரவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு கிலோ நூறு கிராம் போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சிநேகிதியின் பொடியையும் நான் சும்மா விட்டதில்லை. காத்திவாக்கத்துக் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் தெரியும். அவள் பொடி டப்பாவைக் கொடுத்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய், கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து மோந்து பார்ப்பேன். நாக்கில் வைத்துத் துப்புவேன். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அவள் ஊரையே குறை சொன்னதாக ஆகிவிடும்.

போன வருடம் மூன்றாவதாக ஒருத்தி சேர்ந்தாள். பெரம்பூரில் ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். முப்பது வயதிருக்கும், ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். சிநேகிதியின் ஆட்டோவில் ஒட்டியிருந்த மலைப் படத்தைப் பார்த்துவிட்டு, "நானும் வரட்டாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். நான் என் பட்டியலைப் போனில் அனுப்பினேன். ஒவ்வொருத்தரும் எதை எத்தனை கிராம் தூக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம், என்று எழுதியிருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பட்டியலைப் படித்தவள் ஒரு கேள்வியாவது கேட்பாள்.

புறப்பட்ட காலையில் நான் ரயில் ஏறும்போது அவள் மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் இருந்தாள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். காத்திவாக்கத்தில் சிநேகிதி ஏறினாள். நான் கொக்கித் தராசை எடுத்து ஒவ்வொரு பையாக மாட்டினேன். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். புதியவளின் பை, இருக்க வேண்டியதைவிட ஒன்றரை கிலோ கூடுதல்.

"உள்ள என்ன?" என்றேன்.

"துணிக்கா."

"ஒன்றரை கிலோவுக்குத் துணியா? ஒரு ராத்திரிக்கு?"

"எனக்குக் குளிரும்."

"எடுத்துக் காட்டேன், வேண்டாததை நான் சொல்றேன்."

"வெயிட்டு என்னுது. நானே தூக்கிக்கிறேன்" என்று பையைத் தராசிலிருந்து கழற்றிக்கொண்டாள். அசையும்போது உள்ளே இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் கேட்டது. துணி சத்தம் போடுமா?

மலையில் அன்று முழுக்க நான் பாதையைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். வழிகாட்டி முன்னால் போனார். ஐம்பது வயதுக்காரர். கேழ்வரகுக் களியை அலுமினிய டப்பாவில் துணி சுற்றி எடுத்து வந்திருந்தார். அதுவே இரண்டு கிலோ இருக்கும், செருப்பில்லாமல் எங்களை முந்திக்கொண்டு நடந்தார். முதல் ஓய்வில் ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய் கொடுத்தேன். நாங்கள் தின்றோம். அவள் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பேரீச்சம்பழம் வேண்டாம் என்றாள். மதியம் அவலைத் தண்ணீரில் நனைத்துப் பொடி தூவிக் கொடுத்தபோது டப்பாவையே உற்றுப் பார்த்தாள்.

"இந்த சென்னாக்குன்னி எங்கக்கா வாங்கினது?"

"எங்க ஊருதான். ஏன்?" என்றாள் சிநேகிதி.

"சொம்மா கேட்டேன்."

நாலு வாய் தின்றுவிட்டு மூடி வைத்துவிட்டாள். சிநேகிதி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சிநேகிதியின் மனசில் ஓடியது என்னவென்று எனக்குப் புரிந்தது.

நாலரை மணிக்கு ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முந்தின நாள் மழை பெய்திருக்கிறது. சுள்ளியெல்லாம் ஈரம். வழிகாட்டி ஊதினார், நான் ஊதினேன், புகைதான் வந்தது, தண்ணீர் கொதிக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய பாறைக்குப் பின்னால் போனாள். பத்து நிமிடம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வழியாக உப்புமா ஆனது. சிநேகிதி முதல் தட்டில் பொடியைத் தாராளமாகப் போட்டு அவளிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாங்க்கா. பசிக்கல."

சிநேகிதி தட்டைக் கீழே வைத்தாள். "தோ பாரு. எங்க ஊரு எறான்னா ஒனக்கு கலீஜா கீதா? காலைலேந்து பாத்துகினுதான் கீறேன். தனியா போயி துன்னுட்டு வாயத் தொடச்சிகினு வர்ற. புடிக்கலன்னா மூஞ்சிக்கி நேரா சொல்லு."

"அய்யோ, அது இல்லக்கா."

"பின்ன இன்னா?"

அவள் எழுந்துகொண்டாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஓடைக்கு இறங்கிப் போனாள். சிநேகிதி கோபத்தில் எதிர்ப்பக்கம் விறகு பொறுக்கப் போனாள். வழிகாட்டி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தன் களியைத் தின்றுகொண்டிருந்தார். அவள் பை என் காலடியில் கிடந்தது.

நான் திறந்தேன்.

மேலே ஒரு கம்பளிச் சட்டை. அதற்குக் கீழே ஆறு அவித்த முட்டை, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு டப்பா, காய்கறி போட்ட கோதுமை ரவை ஒரு டப்பா, குளுக்கோஸ் பாக்கெட்டுகள். அடியில் கனமான ஸ்டீல் பிளாஸ்க். மூடியைத் திருகினேன். உள்ளே குளிர்ந்த ஈரத்துணி, அதற்குள் பேனா மாதிரி ஒன்று. என் மாமியார் அதைத்தான் வயிற்றில் குத்திக்கொள்வார். இன்சுலின்.

"பாத்துட்டீங்களா?" என்றது குரல். முகத்தில் தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தாள்.

பிளாஸ்க் என் கையில் இருந்தது. பொய் சொல்லக்கூட வழியில்லை. "நான் என்னமோன்னு நினைச்சேன்" என்றேன்.

"என்னான்னு நெனச்சீங்க? திருடினு வந்தேன்னா?"

அதை வாங்கி, துணியைச் சரியாகச் சுற்றி, மூடினாள். பிறகு உட்கார்ந்து, நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்த போட்டுக்கினா அரை மணி நேரத்துல துன்னணும். நீங்க அடுப்ப ஊதிகினே இருந்தீங்க, எவ்ளோ நேரம்தான் நிக்கறது? உங்க லிஸ்ட்டப் பாத்தீங்களா? வெல்லம், மிட்டாய், பேரீச்சம்பழம், மறுபடியும் வெல்லம். நான் அத்த துன்னா அவ்ளோதான். மயக்கம் வந்தா மட்டும்தான் எனக்கு மிட்டாய். அதான் பாக்கெட்ல வெச்சிகினேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"வேற ஒரு குரூப்ல சொன்னேன். எல்லாரும் அய்யோ பாவம்னாங்க. அடுத்த வாட்டி போனப்ப எனக்கு மெசேஜே வர்ல." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. சொல்லியிருந்தா கூட்டினு வந்திருப்பீங்களா?"

மாட்டேன். கிராம் கணக்குப் போடுகிறவள், ஒரு நோயாளியை மலையில் ஏற்றுகிற பொறுப்பை எடுத்திருக்கவே மாட்டேன். நான் ஒரு சுள்ளியை நெருப்பில் தள்ளினேன். அவள் என் பதிலைத் தெரிந்துகொண்டாள்.

விறகோடு திரும்பிய சிநேகிதியிடம் அவளே சொன்னாள். சிநேகிதி விறகைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நான்தான் அடங்கவில்லை. ஒரு சந்தேகம் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கூடாரத்தில் படுத்த பிறகு அவள் மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை கையை நீட்டிப் பார்த்தேன்.

"உசுரோடதான் கீறேன். தூங்குங்க" என்றாள் இருட்டில்.

காலையில் அவள் சர்க்கரையைச் சோதித்து, ஊசி போட்டுக்கொண்டு, தன் முட்டையையும் கடலையையும் எடுத்து எங்களோடு உட்கார்ந்தாள். "அந்தப் பொடி குடுங்கக்கா. எறா எனக்கு நல்லதுதான். நேத்து உப்பு எவ்ளோன்னு தெரியல, அதான் எங்க வாங்கினதுன்னு கேட்டேன்" என்றாள் சிநேகிதியிடம்.

சிநேகிதி டப்பாவைக் கொடுக்கவில்லை. மூடியைத் திருகுவதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அது எங்க ஊரு எறா இல்ல" என்றாள் கடைசியில். "பழவேற்காட்டுலேந்து வாங்கறேன். மூணு வருசமா அங்கேந்துதான்."

நான் கஞ்சி டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன்.

"என் தம்பி இன்னும் எங்க ஆத்துலதான் வல போடறான். வேற இன்னா பண்ணுவான்? புடிக்கறத்த விக்கறான். ஆனா என் புள்ளைங்களுக்கு நான் அத்தக் குடுக்கறது இல்ல. உங்களுக்கும் குடுக்க மனசு வர்ல. வெளில சொன்னா அவன் பொயப்பு போயிடும். அதான் எங்க ஊருதுன்னு சொல்லிகினு கீறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஒவ்வொரு வாட்டியும் வூட்டுக்குப் போயி மோந்து மோந்து பாக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒன் வூட்டுக்காரரு என் ஆட்டோலதான போறாரு."

எனக்கு முகம் எரிந்தது. புதியவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சிநேகிதியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. டப்பாவைத் திறந்து புதியவளின் முட்டைமேல் ஒரு சிட்டிகை தூவினாள். "உப்பு ஜாஸ்திதான், பாத்து துன்னு" என்றாள்.

இறங்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. புதியவளின் நெற்றியில் வியர்வையைப் பார்த்தாலே நின்றேன். மூன்றாவது தடவை குளுக்கோஸை நீட்டியபோது அவளுக்குப் பொறுமை போனது. "நேத்து என்னத் திருடியா பாத்தீங்க, இன்னிக்கி பொணமா பாக்கறீங்க. கொஞ்சம் முன்னாடி நடங்கக்கா." வழிகாட்டி என்ன புரிந்துகொண்டாரோ, என் கையைப் பிடித்து முன்னால் விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டார். மதியத்துக்குள் அடிவாரம் வந்தோம். மூன்று பேரில் காலில் கொப்புளம் இல்லாமல் இறங்கியவள் அவள் ஒருத்திதான்.

அவள் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த மாதம் போனில் ஒரு பட்டியல் வந்தது, அவளிடமிருந்து. வெல்லம் பாதியாகக் குறைந்திருந்தது. பொட்டுக்கடலை, கொள்ளு, முட்டை புதிதாகச் சேர்ந்திருந்தன. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பாடு, மழை பெய்தாலும், என்று கீழே எழுதியிருந்தாள். ஈர விறகை நம்பாமல் ஒரு சின்ன கேஸ் அடுப்பும் பட்டியலில் இருந்தது. ஆளுக்கு அரை கிலோ கூடியது. நான் தராசைக் கையில் எடுத்து, யோசித்து, ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினேன்.

இதுவரை நாலு மலை போய்விட்டோம். நானும் முடிந்தவரை கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கப் பழகுகிறேன், எப்போதும் முடிவதில்லை. அவளும் சிநேகிதியும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். என்னிடமும் நன்றாகத்தான் பழகுகிறாள். ஆனால் ரயில் ஏறியதும், மேலே வைக்கலாம் என்று நான் கை நீட்டினால், "இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, பையை அவளேதான் தூக்கி வைக்கிறாள்.