இவானில்தா பார்த்தது

இவானில்தா அந்த மனிதனை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் கையில் தரைக்கு மெருகேற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் குளோரியா அம்மாவின் வீட்டில் மரத்தரை. வாரம் ஒருமுறை மெழுகு போட்டு, குனிந்தால் முகம் தெரிகிற வரை தேய்க்க வேண்டும். அந்த வீட்டுப் பையன் ஒத்தாவியு தொலைக்காட்சிக்கு முன்னால் மல்லாந்து கிடந்தான். அவன் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேசட் ஓடிக்கொண்டிருந்தது. பிரதியின் பிரதி அது. நிறமெல்லாம் போய், முகமும் தெருவும் மங்கி, எல்லாமே சாம்பலாகத் தெரிந்தது.

அந்தச் சாம்பலுக்குள் ஒருவன் தலையைத் தரையில் ஊன்றி, கால்களை மேலே நீட்டி, பம்பரமாகச் சுற்றினான். மேலிருந்து கீழாகப் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கோடு மறைந்தபோது அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றிருந்தான். சுற்றியிருந்த கூட்டம் வாயைப் பிளந்து கத்தியது.

இயந்திரம் ஒரே இடத்தில் சுற்றி, மெழுகு கருகும் வாசனை வந்த பிறகுதான் அவளுக்குத் தன்னினைவு வந்தது.

"ஒத்தாவியு, அத இன்னொரு தடவ போடேன்."

"எத?"

"தலகீழா இருந்தவன் டக்குனு நின்னானே, அத."

"கைய ஊனி எந்திரிச்சிருப்பான். இது ஒரு அதிசயமா?"

"கைய வைக்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

அவன் முனகிக்கொண்டே பின்னால் ஓட்டிக் காட்டினான். சுழற்சி, வெள்ளைக் கோடு, நின்ற மனிதன். மூன்று முறை பார்த்தாள். அந்த மனிதனின் வேகத்தை இயந்திரத்தால் பிடிக்க முடியவில்லை, அதனால்தான் அந்த இடத்தில் படம் வெளுத்துப்போகிறது என்று முடிவுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. மனித உடம்பால் இப்படியும் முடியுமா என்ற எண்ணத்தில் அன்று வெங்காயம் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள்.

அவள் ஆறு வயதில் வறண்ட வடக்கிலுள்ள பியாவியிலிருந்து லாரியில், தலைநகரின் ஓரத்திலிருக்கும் சேலாந்தியாவுக்கு வந்தவள். அப்பா தலைநகர் பிரசிலியாவின் அடுக்குமாடிகளுக்குக் கான்கிரீட் கொட்டினார். பன்னிரண்டு வயதில் அவள் பள்ளியை விட்டுவிட்டு, அதே அடுக்குமாடிகளில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் ஒன்றரை மணி நேரம் பேருந்து, மாலையில் ஒன்றரை மணி நேரம். அன்று மாலை பேருந்திலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஜில்சனின் டயர் கடைக்குப் போனாள்.

ஜில்சன் பஞ்சர் ஒட்டுகிறவன். கடைக்குப் பின்னால் கொஞ்சம் சிமென்ட் தரை இருந்தது. அங்கே குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து விரித்து, நாலைந்து பேர் பிரேக் நடனம் ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் வீட்டிலும் வீடியோ கிடையாது. பாட்டைக் கேட்டு, தாங்களாகவே கற்பனை செய்து ஆடினார்கள். இவானில்தா அன்று பார்த்ததையெல்லாம் வாயால் சொன்னாள். சொல்ல முடியாததை அட்டையில் விழுந்து புரண்டு காட்டினாள். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒத்தாவியு கேசட் போடும்போதெல்லாம் அவள் துடைப்பத்தோடு கூடத்துக்கு வருவாள். மாலையில் டயர் கடையில் அந்தப் படம் மறுபடி ஓடும்.

"நமக்கு எதுக்குடா டி.வி.? இவ கண்ணு போதும். கரண்டு செலவும் கெடையாது" என்பான் தோன்யு. மரக்கடையில் மூட்டை தூக்குகிறவன் அவன். வாய் ஓயாது.

இரண்டு ஆண்டுகளில் அவர்கள் ஒரு குழுவானார்கள். செம்புழுதி என்று பேர் வைத்து, சட்டையின் முதுகில் சிவப்புச் சாயத்தால் எழுதிக்கொண்டார்கள். அவள் பார்த்துச் சொன்ன எல்லாவற்றையும் யாராவது ஒருவர் செய்துவிட்டார்கள். ஒன்றைத் தவிர. தலையில் சுழன்றபடியே, கை தரையில் படாமல், காலுக்கு வருவது. அதற்கு மின்னல் என்று பேர். ஜில்சன் அதில் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு ஒரு மாதம் தலையைத் திருப்ப முடியாமல் பஞ்சர் ஒட்டினான். தோன்யு பல்லை உடைத்துக்கொண்டான். இவானில்தா விடவில்லை. கம்பளித் தொப்பிக்குள் இரண்டு காலுறைகளை மடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது ஐம்பது முறை விழுவாள். உச்சந்தலையில் ஒரு நாணய அகலத்துக்கு முடி உதிர்ந்துபோனது. அம்மா அதைப் பார்த்துப் பேன் மருந்து வாங்கி வந்தாள்.

தங்களால் முடியாத அந்த ஒன்றைப் பற்றித்தான் அவர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பெருமையடித்தார்கள். சனிக்கிழமை மதியம் சந்தைத் திடலில் பல ஊர்க் குழுக்கள் கூடி வட்டம் போடும். அங்கே தோன்யு வாயைத் திறந்தால் மின்னல்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு ஆகஸ்ட்டில் அந்த வாய் வினையாகிவிட்டது. பக்கத்து ஊரான தாகுவாச்சிங்காவிலிருந்து வரும் உபிரத்தான் ஒரு நாள் நேரடியாகவே கேட்டான். அவன் பேருந்து நடத்துநர். நெடுநெடுவென்று உயரம். அவன் ஆடினால் எதிர்க் குழுவே கைதட்டும்.

"மூணு வருஷமா இதையே சொல்லிட்டு இருக்கீங்க. யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்" என்றாள் இவானில்தா.

"வேற யாரு?"

"நான் பாத்தா போதாதா?"

"அக்கா, வயசான பொம்பளைங்க சாமியப் பாத்தேன்னு சொல்வாங்க. அதையும் நான் நம்புறதில்ல."

திடலே சிரித்தது. தோன்யு சும்மா இருந்திருக்கலாம். "அடுத்த சனிக்கிழம விட்டு அதுக்கு அடுத்த சனிக்கிழம இவளே செஞ்சு காட்டுவா. காட்டலன்னா எங்க சட்டையக் கழட்டி, பேர அழிச்சிட்டுப் போயிடுறோம்!" என்று கத்திவிட்டான். வட்டத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது.

மறுநாளே உபிரத்தான் ஆள் அனுப்பினான். அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்று அவனுக்குக் கிடைத்துவிட்டதாம். எல்லோரும் வந்து பார்க்கலாமாம். தாகுவாச்சிங்காவில் ஒரு மெக்கானிக் கொட்டகை. பழைய இன்ஜின் ஒன்றின் மேல் தொலைக்காட்சிப் பெட்டி. அதற்கு முன்னால் முப்பது பேர்.

படம் நிறத்தோடு வந்தது. அவள் மூன்று ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த மனிதன் மஞ்சள் சட்டையில் வந்தான். அவ்வளவு பிரகாசமான மஞ்சள். அவன் தலையை ஊன்றினான். காலில் சிவப்புக் காலணி. சுற்றினான், சுற்றினான். வெள்ளைக் கோடு வரவில்லை. படம் வெட்டுப்பட்டு அடுத்த காட்சி வந்தது. வேறு தெரு. அங்கே கைகட்டி நின்றவனின் சட்டையும் மஞ்சள்தான். ஆனால் அவன் காலில் இருந்தவை வெள்ளைக் காலணிகள். அவனுக்கு மீசையும் இருந்தது.

உபிரத்தான் நான்கு முறை ஓட்டிக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"அது ரெண்டு ஆளு, அக்கா" என்றான் அவன் மெதுவாக. "பழைய கேசட்ல கேடு வந்த எடத்துல வெட்டும் வந்திருக்கு. உன் மேல தப்பில்ல."

பேருந்தில் திரும்பும்போது ஜில்சன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "பேர்தான? அழிச்சிட்டு வேற வச்சுக்கலாம். சாயம் பாக்கி இருக்கு."

"நான் பொய் சொல்லல, ஜில்சன்."

"பொய் சொன்னன்னு யாரு சொன்னா? தப்பா பாத்துட்ட. அவ்ளோதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இனிமே நான் என்ன சொன்னாலும், அது தப்பா பாத்ததோன்னு கேப்பாங்க. நாம கத்துக்கிட்ட எல்லாமே என் வாயில இருந்து வந்ததுதான?"

ஜன்னலுக்கு வெளியே ஆகஸ்ட் மாதத்துச் செம்மண் பறந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாகச் சொட்டு மழை இல்லை.

திங்களும் செவ்வாயும் அவள் டயர் கடைப் பக்கமே போகவில்லை. செத்துப்போன உறவுக்காரனை நினைப்பதுபோல அந்த மனிதனை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. புதன்கிழமை குளோரியா அம்மாவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் வேறு பக்கம் திரும்பியது. அவன் இல்லையென்றால் இதை இதுவரை யாருமே செய்ததில்லை. அமெரிக்காவிலும் இல்லை, எங்கும் இல்லை. இவ்வளவு நாளும் அவள் ஒருவனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். முன்னால் ஆளே இல்லை. சோப்பு நுரை வழியும் கைகளோடு அப்படியே நின்றாள். வந்தது பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஈர விரிப்பைக் கொடியில் போடுவதற்கு முன் ஒரு பக்கத்து இரண்டு மூலைகளையும் பிடித்து ஓங்கி உதறினாள். கையில் தொடங்கிய அசைவு துணி நெடுக அலையாக ஓடி மறு முனையில் 'பட்' என்று வெடித்தது. மறுபடி உதறினாள். கை அசைந்தது ஒரு சாண்தான். மறு முனை ஓர் ஆள் உயரம் எழும்பியது. இவ்வளவு நாளும் அவர்கள் எல்லோரும் காலைத் தூக்கப் பார்த்தார்கள். காலைத் தூக்கக் கூடாது. இடுப்பை மடித்து, விழப்போகிற மாதிரி விட்டுவிட்டு, கடைசி நொடியில் உதற வேண்டும். சுழற்சியின் வேகம் மீதியைச் செய்யும்.

அன்று மாலை முழங்கால் வரை வந்தாள். வியாழன் உட்கார்ந்த நிலைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை ஒன்றுமே வரவில்லை. அடுத்த வாரம் முழுக்க இப்படித்தான் போனது. ஒருமுறைகூட அவள் நிற்கவில்லை.

சனிக்கிழமை குளோரியா அம்மா வீட்டில் விருந்தாளிகள். கறுப்பு மொச்சையும் பன்றிக்கறியும் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தன. பாத்திரங்களைக் கழுவி முடித்து அவள் கிளம்ப இரண்டு மணியாகிவிட்டது. திடலுக்கு வந்தபோது வட்டம் மூன்று வரிசை தடித்திருந்தது. கரும்புச்சாறுக் கடைக்காரர் கடையை விட்டுவிட்டு முக்காலி மேல் ஏறி நின்றார்.

"வந்துட்டாப்பா சாமியப் பாத்தவ!" என்று தாகுவாச்சிங்காக் கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"வாய மூடுடா. நீ தலையில சுத்துனா உள்ள ஒண்ணுமில்லாம சத்தம்தான் வரும்" என்றான் தோன்யு. ஜில்சன் அட்டையின் நான்கு மூலைகளையும் காலால் அழுத்திப் பார்த்தான்.

இவானில்தா தொப்பியை இறுக்கிக்கொண்டாள். ஒலிப்பெட்டியில் மத்தளம்போலத் தாளம் விழுந்தது. இரண்டு சுற்று கால்களால் ஆடி, குனிந்து, தலையை ஊன்றினாள். கைகளால் தரையைத் தள்ளினாள். ஒரு தள்ளு, இரண்டு, மூன்று. பிறகு கைகளை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டாள்.

உலகம் கோடுகளாக மாறியது. முகங்கள் ஒரு கோடு, பழக்கடை ஒரு கோடு, வானம் ஒரு வட்டம். இதற்குமேல் போனால் கழுத்து தாங்காது என்று உடம்பு சொன்னது. அவள் இன்னும் இரண்டு சுற்று பொறுத்தாள். அப்புறம் இடுப்பை மடித்து விட்டுவிட்டாள். கால்கள் முகத்துக்கு நேராகச் சரிந்தன. விழுகிறாள் என்று யாரோ மூச்சை இழுத்தார்கள். அந்த மூச்சு முடிவதற்குள் உதறினாள்.

பாதங்கள் அட்டையில் அறைந்த சத்தம்தான் முதலில் கேட்டது. சுழற்சி இன்னும் தீராமல் உடம்பு அரைச் சுற்றுத் திரும்பி, பிறகு நின்றது. அவள் நின்றுகொண்டிருந்தாள். கைகள் மார்பில் கட்டியபடியே இருந்தன.

தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரும்புச்சாறுக்காரர் முக்காலியிலேயே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரே இரைச்சல். ஜில்சன் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். தோன்யு அழுதுகொண்டே எதையோ கத்தினான். அவள் காதில் எதுவும் விழவில்லை. இதைத்தான் பார்த்தேன், இதேதான், என்று மட்டும் நினைத்தாள்.

அதற்குள் தாகுவாச்சிங்காக்காரர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். "கை பட்டுச்சு!" "எடது கை!" "நான் இருந்த எடத்துல இருந்து தெரியல, ஆனா பட்டிருக்கும்." "மறுபடி செய்யச் சொல்லு!"

வட்டத்தின் ஓரத்தில், அவளுக்கு மிக அருகே நின்றிருந்தவன் உபிரத்தான். இன்னும் வாயை மூடாமல் நின்றிருந்தான். தன் ஆட்கள் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"படல. நான் பாத்தேன்."

"நீ யாரு பக்கம்டா?"

"அட, நான் பாத்தேங்கறேன். கை நெஞ்சுலயே இருந்துச்சு."

"அப்படி ஒண்ணு நடக்கவே முடியாதுன்னு போன வாரம் நீதான சொன்ன? கேசட் போட்டுக் காட்டுனியே!"

"சொன்னேன். இப்ப பாத்துட்டேன். என்ன பண்ணச் சொல்ற?"

அவர்கள் நம்பவில்லை. ஒருவன் அவன் முதுகில் தட்டி, வெயில் தலைக்கேறிவிட்டது, தண்ணீர் குடி என்றான். உபிரத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. நடத்துநர் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அட்டையில் மண்டியிட்டான். "இங்க பாரு. இப்படி சுத்துனா. சரியா? இடுப்பு இப்படி மடிஞ்சுது. விழப்போறான்னு நானும் நெனச்சேன். அப்ப இங்கேர்ந்து…" என்று சொல்லிக்கொண்டே தலையை ஊன்றிக் கால்களை வீசினான். நெட்டையான உடம்பு மரம் சாய்வதுபோலச் சாய்ந்து மல்லாக்க விழுந்தது. அவன் ஆட்களே சிரித்துவிட்டார்கள். அவன் எழுந்து மறுபடி தலையை ஊன்றினான்.

இவானில்தா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாடைய நெஞ்சோட ஒட்டிக்க. இல்லன்னா கழுத்து போயிடும்" என்று சொல்லி, அவன் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.