ஆடி மாத மண்டபத்தில் ஒரு கொக்கு

ஆடி மாதம் திருவள்ளூரில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். சித்திரக்கதை வரைகிறவர்களின் கூடுகைக்கு அந்த மண்டபம் கிடைத்தது அதனால்தான். நடத்தியவர்கள் இரண்டு பேர். இருவரும் கைப்பேசியில் வரைந்து இணையத்தில் போடுகிறவர்கள், எந்தப் பதிப்பகத்தையும் சேராதவர்கள். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை யாரும் எடுக்கவில்லை. கூடுகை நடந்தது உணவுக்கூடத்தில். ‘கை கழுவும் இடம்’ என்ற பலகைக்கு முன்னால் சாப்பாட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, பந்திக்கு விரிப்பதுபோல வெள்ளைப் பேப்பர் ரோலை விரித்திருந்தார்கள். ஒரு மேஜைக்கு இரண்டு கடை.

என் சிநேகிதிக்குப் பதிலாக நான் போயிருந்தேன். மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியைப் பற்றி நான் எழுத, அவள் வரைந்து, சிறிய புத்தகம் ஒன்று போட்டிருந்தோம். அன்று அவளுக்குக் காய்ச்சல். நான் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குக் கோடு போடக்கூட வராது. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலேறி, புத்தகக் கட்டோடு வந்து இறங்கினேன்.

வாசலில் மண்டப மேலாளர் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டுமாக நின்றார்.

“வாம்மா வாம்மா. பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?”

“காமிக்ஸ்” என்றேன்.

“தெரியும்மா, சும்மா கேட்டேன். யார் வந்தாலும் சந்தனம் குடுத்துத்தான் உள்ள வுடணும், மொதலாளி ஆர்டரு.” பன்னீர்ச் செம்பைத் தூக்கினார்.

“வேணாம், புக்குமேல படும்.”

“காத்தாலருந்து எல்லாரும் இத்தையேதான் சொல்றீங்க. பன்னீரு வேணான்ற கூட்டத்த இப்பதான் பாக்கறேன்.”

என் மேஜையின் மறுபாதியில் ஒரு பெண் ஏற்கெனவே கடை பரப்பியிருந்தார். தலைமுடி முழுவதையும் மூடும் வெள்ளைத் தொப்பி, மூக்குக்கு மேல்வரை முகக்கவசம், முழங்கால்வரை வெள்ளைக் கோட்டு. கண்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. அன்று வேடம் போட்டு வந்தவர்கள் பலர். எதிர் மேஜையில் ஒருவர் அட்டையில் இறக்கை செய்து மாட்டிக்கொண்டு, உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அதனால் இவரையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு ஊர் திருவாலங்காட்டுப் பக்கம். வேலை கும்மிடிப்பூண்டியில், மருத்துவமனைகளுக்கான பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில். பொட்டலத்துக்குள் ஒரு முடி விழுந்தாலும் சரக்கு திரும்பிவிடும் என்பதால் உள்ளே எல்லோருக்கும் இந்த உடைதான். ஒன்றரை வருடமாக அந்தத் தொழிற்சாலையைப் பற்றித்தான் வரைகிறார். கைப்பேசியில் மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளிப் படிக்கிற கதை. கூடுகைக்காக அதில் கொஞ்சத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகக்கவசத்தின் படம் மட்டும் இருந்தது.

புரட்டிப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே கவசம். ஆனால் இரண்டு பக்கம் போவதற்குள் யார் யாரென்று தெரிந்துவிட்டது. ஒருத்திக்குக் கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். இன்னொருத்தி கவசத்தின் நாடாவைக் காதில் மாட்டாமல் பின்னால் முடிந்திருப்பாள். நடையும் ஆளுக்கு ஆள் வேறு.

“உள்ள நாங்க அப்படித்தான் மேடம் கண்டுபுடிப்போம்” என்றார். “மூஞ்சி யாருக்கு வேணும்? பத்தடி தூரத்துல ஒருத்தி தோள அசைச்சா போதும், இன்னாருன்னு சொல்லிருவேன்.”

இயந்திரச் சத்தத்தில் பேசினால் கேட்காது என்பதால் உள்ளே எல்லாம் கைஜாடைதான். கதையிலும் வசனம் குறைவு. மனிதர்களுக்கு நடுவில் ஒரு கொக்கு வந்தது. அதற்கும் தொப்பி, கவசம். நீளமான கழுத்து. எந்தக் கட்டத்தில் வந்தாலும் ஒற்றைக் காலில் நின்றது. யாருக்காவது கவசம் இறங்கினால், சிறகின் நுனியை மூக்குக்கு நேரே வைத்து மேலே இழுத்துக் காட்டும். மேலே ஏற்று என்று பொருள். உடனே வரிசை முழுவதும் கைகள் மூக்குக்குப் போகும். அந்தப் பக்கத்தில் நான் சிரித்துவிட்டேன்.

“எங்க சூப்பர்வைசரு” என்றார் அவர், குரலை இறக்கி. “ஒத்தக் கால்ல நின்னுக்கினு, யாரு தூங்குறா யாரு பேசுறான்னு பாத்துக்கினே இருப்பாரு. மீன் வருதான்னு பாக்கறாப்புல.”

“அவர் இதப் பாத்திருக்காரா?”

“பாத்தா நான் அவ்ளோதான். ரெண்டு வருஷமா கான்ட்ராக்ட்ல கீறேன் மேடம். பர்மனென்ட் ஆக்கறதுக்கு இந்த மாசம்தான் பேரு எழுதி அனுப்புறாங்க. அனுப்பறவரே அவருதான். அதுக்குத்தான இந்த வேஷம்” என்று கவசத்தைத் தொட்டுக் காட்டினார். “கதைல வர்றாப்புலயே வந்தா காஸ்ப்ளேன்னு நெனச்சுக்குவாங்க, மூஞ்சியும் தெரியாது.”

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

கூட்டம் பதினொரு மணிக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மேஜைப் பேப்பர் வெள்ளையாக இருந்ததால் ஓவியர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் அதிலேயே படம் போட்டுக் கிழித்துக் கொடுத்தார்கள். எங்கள் மேஜையில் என் பாதி மட்டும் கிழியாமல் இருந்தது.

அவர் ஒருவருக்குக் கண்களை வரைந்துகொண்டிருந்தார். பேனா நின்றது.

“யக்கா.” அதுவரை மேடமாக இருந்தேன். “வாசல்ல பாருங்க. கொக்கு.”

உயரமான மனிதர். கோடு போட்ட சட்டை, கழுத்து உண்மையிலேயே நீளம். மேலாளர் சந்தனம் வைக்க நெற்றியைக் குனிந்து கொடுத்தார். பக்கத்தில் மனைவி. பத்து வயதிருக்கும் மகள் இருவரையும் விட்டுவிட்டு இறக்கை மாட்டியவரைப் பார்க்க ஓடினாள். மகளுக்காகத்தான் வந்திருந்தார்கள்.

“ஒண்ணும் பயப்படாத. முகமே தெரியலையே” என்றேன்.

அவர் கவசத்தை இன்னும் மேலே ஏற்றி, தொப்பியை இன்னும் கீழே இறக்கினார். கண்கள் இரண்டு கீற்றாகத் தெரிந்தன. அந்த மனிதர் கடை கடையாகப் பார்த்தபடி வந்தார். நான்கு மேஜைக்கு அப்பால் நின்று தலையைத் திருப்பினார். நேராக எங்களைப் பார்த்தார். தெரிந்தவர் யாரோ என்று யோசிக்கிற பார்வை.

“அய்யய்யோ” என்றார் பக்கத்திலிருந்தவர். “அவரு என் மூஞ்சிய பாத்ததே இல்லக்கா.”

எனக்குப் பிடிபட ஒரு நொடி ஆனது. அந்த மனிதர் வேப்பம்பட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். இவர் கம்பெனி பஸ். கேன்டீன் வேறு, உடை மாற்றும் அறை வேறு. இரண்டு வருடமாக அவர் பார்த்தது இந்தத் தொப்பியையும் கவசத்தையும் இந்தக் கண்களையும்தான். வெறும் முகத்தோடு வந்திருந்தால் ஆயிரம் பேரில் ஒருத்தியாக இருந்திருப்பார். ஒளிந்துகொள்வதற்கென்று போட்டுவந்தது, அந்த மண்டபத்தில் அந்த ஒருவர் மட்டும் அடையாளம் காணக்கூடிய உடை.

ஏதோ கீழே விழுந்ததுபோல அந்தப் பெண் குனிந்து மேஜைக்கு அடியில் போனார். பேப்பர் ரோல் ஓரத்தில் தொங்கியதால் ஆள் மறைந்துவிட்டார். பை திறக்கிற சத்தம் கேட்டது. தொப்பி, கவசம், கோட்டு எதுவும் இல்லாமல் எழுந்தபோது எனக்கே ஆள் புதிதாக இருந்தது. நீளச் சடை, சிறிய மோவாய், மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, கன்னத்தில் கவசம் அழுத்திய கோடு. காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தும் நான் அந்த முகத்தை வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

“கண்ணு மாட்டிக் குடுத்துரும். யக்கா, கண்ணாடி குடுக்கா.”

கொடுத்தேன். என் மூக்குக்கண்ணாடி அவருக்குப் பெரிது. எனக்கு அது இல்லாவிட்டால் கை நீட்டும் தூரம்வரைதான் தெரியும். அடுத்த கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதி காதால் கேட்டது.

கோடு போட்ட சட்டை எங்கள் முன்னால் வந்து நின்றது.

“இங்க வெள்ளத் தொப்பி போட்டுக்கினு ஒரு பொண்ணு நின்னுச்சே?”

“இப்பதான் இருந்தாங்க” என்றேன். பொய் இல்லை.

“எங்க கம்பெனி டிரெஸ் மாதிரி கீது, அதான் கேட்டேன்.”

என் பக்கத்திலிருந்தவர் வாயைத் திறக்கவில்லை. குரலை வைத்து அந்த மனிதர் கண்டுபிடித்துவிடலாம். படிப்பதுபோல அவர் பிடித்திருந்த என் ரயில் புத்தகம் தலைகீழாக இருந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

மனைவி கொக்குக் கதையை எடுத்துவிட்டார். முதலில் பக்கம் புரளும் சத்தம், அப்புறம் சிரிப்பு.

“யோவ், இங்க பாருய்யா. உன்ன மாதிரியே ஒண்ணு நிக்குது.”

“எது?”

“இந்தக் கொக்குதான். கழுத்தப் பாரு. நிக்கறதப் பாரு. ஊட்ல பால் பொங்குதான்னு பாத்துக்கினு நிப்பியே, அதேதான்.”

“குடு இப்படி.”

அவர் படித்தார். வெகுநேரம் படித்தார். பக்கத்திலிருந்த பெண்ணின் முழங்கால் மேஜைக்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் கையை வைத்து நிறுத்தினேன்.

“சிறகால மூக்கக் காட்டுது பாரு” என்றார் மனைவி. “நீ புள்ளகிட்ட சோத்த மூடிவைன்னு சொல்றதுக்குக்கூட அப்படித்தான காட்டற?”

“சும்மா இருடி.”

“இன்னா சும்மா? கொக்குன்னா பெருமதான்யா. எருமன்னு போட்டுருந்தா?”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. புத்தகத்தை என் முகத்துக்குக் கிட்டே நீட்டினார். கண்ணாடி இல்லாமலே அந்தப் படம் தெரிந்தது.

“இது வலது கால்ல நிக்குதுங்க மேடம்.”

“ஆமாம்.”

“நான் வலது கால்ல நிக்க மாட்டேன்.”

அவருக்குப் பதிலாக மனைவி விளக்கினார். “வலது கால்ல ஆணிங்க இவருக்கு. அந்த கம்பெனி ஷூவ மாட்டினா ஊன்ற முடியாது. உக்காரவும் வுட மாட்டானுங்களாம். அதான் இடது கால்லயே பாரத்தப் போட்டு நிப்பாரு. அறுத்து எடுத்துக்கய்யான்னா கேக்கறதில்ல, லீவு போடணுமாம்.”

“போட்டவங்க வந்தாங்கன்னா சொல்லுங்க” என்றார் அவர் என்னிடம். “எதுக்கால நின்னு பாத்திருப்பாங்க. அதான் மாறிப்போச்சு. மத்ததெல்லாம் சரியாத்தான் கீது.”

நாளிதழில் இப்படிப்பட்ட வாசகர்கள் உண்டு. செய்தியையே மறுத்துச் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டிருப்போம். வந்து, வயதை இரண்டு கூட்டிப் போட்டுவிட்டீர்கள், திருத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன்.

மனைவி அந்தப் பிரதியை வாங்கிக்கொண்டார். மகளைக் கூப்பிட்டார்கள். அவள் அட்டை இறக்கை ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தாள். மூவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். “போய்ட்டாங்க” என்று மூச்சுவிட்டு அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மாட்டிக்கொண்டேன். அதனால் அடுத்து நடந்ததைத் தெளிவாகப் பார்த்தேன்.

சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த மனிதர் நின்று திரும்பினார். இடது காலில் பாரத்தைப் போட்டார். ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேரே வைத்து மேலே இழுத்தார்.

என் பக்கத்திலிருந்த பெண்ணின் கை உடனே மேலே போனது. இல்லாத கவசத்தை இரண்டு விரலால் பிடித்து ஏற்றியது. ஏற்றிய பிறகுதான் விரல் மூக்குத்தியில் பட்டது.

அந்த மனிதர் அதைப் பார்த்தார். மகளின் தோளில் கைவைத்து வெளியே போனார்.

அந்தப் பெண் அப்படியே கையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பழக்கம்க்கா. கை தானா போய்டுச்சு” என்றார். பிறகு, “நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்” என்றார். மதியச் சாப்பாட்டுக்குத் தக்காளி சாதம் கொடுத்தார்கள். அவர் தொடவில்லை. மூன்று மணிக்கே கடையை மடித்து, தொப்பியும் கவசமும் கோட்டும் பைக்குள் இருக்க, வெறும் முகத்தோடு திருவாலங்காடு ரயிலுக்குப் போனார். என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து பேசினார். பின்னால் பாட்டுச் சத்தமும் யாரோ டிரைவரைத் திட்டுகிற சத்தமும்.

“காலைலருந்து பக்கத்துலயே வரலக்கா. எனக்கு நாஷ்டாவும் எறங்கல, சோறும் எறங்கல. ஷிப்ட் முடியறப்ப வந்து நேரா எதுக்கால நின்னாரு. மாஸ்க்க மேல ஏத்துன்னு காமிச்சாரு.”

“எறங்கியிருந்துச்சா?”

“இல்லக்கா. கண்ணு வரைக்கும் ஏத்தித்தான் வெச்சிருந்தேன்.”

“அப்புறம்?”

“போய்ட்டாரு. அவ்ளோதான். லிஸ்ட்டு வெள்ளிக்கெழம போவுமாம்.”

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. அதில் அவர் பெயர் இருந்ததை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருத்தி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்த குறுஞ்செய்தியில் அந்த ஒரு தகவல்தான், வேறு வார்த்தை இல்லை.

அவர் கதையின் அடுத்த அத்தியாயத்தை ரயிலில் படித்தேன். பத்திரிகையில் திருத்தத்தை உள்பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் போடுவோம். அவர் முதல் கட்டத்திலேயே போட்டிருந்தார். கொக்கு இடது காலில் நிற்கிறது. தூக்கிய வலது காலில் ஷூ இல்லை. ஷூ பக்கத்தில் தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் ஒரு வெள்ளைத் தொப்பி மாட்டியிருந்தார்.